சிலிகான் காயும்வரை

என் வாய் சும்மா இருந்திருந்தால் என் வீட்டு ஜன்னலும் சும்மா இருந்திருக்கும். நானே வலியப் போய் இழுத்துவிட்டுக்கொண்டது இது. இதில் யாரையும் குறை சொல்லிப் புண்ணியமில்லை.

வீடு விக்கிரவாண்டியில், பைபாஸை ஒட்டின சர்வீஸ் ரோட்டின் மேலேயே இருக்கிறது. டோல்கேட்டில் வரிசை கட்டுகிற லாரிகள் என் ஹாலுக்குள் நின்று உறுமுவதுபோல் இருக்கும். சென்னைக்குப் போகிறவன், திருச்சிக்குப் போகிறவன், கல்யாண வேன், கட்சிக்கொடி கட்டின கார், எல்லோருக்கும் என் வீட்டைத் தாண்டும்போதுதான் ஹாரன் ஞாபகம் வரும். நான் முப்பத்தோரு வருடம் தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தவன். கோபம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள்; நான் மனு எழுதுவேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று ஒன்று விடாமல் எழுதி, கலெக்டர் ஆபீசின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்புவேன். ஊரில் பாதிப் பேருக்கு என் பெயர் தேவநாதன் என்பது தெரியாது. ‘ஹாரன் சார்’ என்றால்தான் தெரியும்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரே ஒரு ஹாரன் வேண்டியிருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ‘அபிராமி’ என்று ஒரு தனியார் பஸ் ஓடுகிறது. பச்சை வண்டி. காலை ஒன்பது நாற்பது, பதினொன்று ஐம்பது, மதியம் இரண்டு இருபது, சாயங்காலம் நாலரை என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை என் வீட்டைக் கடக்கும். கடக்கும்போது இரண்டு குட்டி ஹாரன், ஒரு நீட்டு ஹாரன். அந்த வண்டியை ஓட்டுகிறவன் திருமுருகன். என் மகன்.

நானும் அவனும் பேசி மூன்றரை வருடம் ஆகிறது. அவனைத் திண்டிவனத்தில் பி.இ. மெக்கானிகல் படிக்கவைத்தேன். படித்துவிட்டு நாலு வருடம் அங்கே இங்கே அலைந்தான், ஒன்றும் அமையவில்லை. ஒருநாள் வந்து, “அபிராமி வண்டியில டிரைவரா சேந்துட்டேம்பா” என்றான். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு சுவருக்குள் போயிருக்கும். அடுத்த வாரம் பெருமுக்கல்லில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், “பையன் இப்ப இன்னா பண்றான்?” என்று கேட்டார். கேட்டவர்மேல் காட்டவேண்டிய எரிச்சலை, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைமேல் காட்டினேன். “பஸ் ஓட்டுறான். ஓட்டட்டும். என் பேரை முன்னாடி போட்டுக்கினு மட்டும் ஓட்டவேணாம்னு சொல்லுங்க” என்றேன்.

நாற்பது பேர் காதில் விழுந்தது. சாம்பார் ஊற்ற வந்தவன் வாளியோடு நின்றுவிட்டான். திருமுருகன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்துபோனான். அந்த மடித்த இலை இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அவன் விழுப்புரத்தில் ரூம் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகுதான் இந்த ஹாரன் ஆரம்பித்தது. அது அவன் அம்மாவுக்கு. ஹாரன் கேட்டதும் செண்பகம், கையில் கரண்டி இருந்தாலும் துடைப்பம் இருந்தாலும் அப்படியே ஜன்னலுக்கு ஓடுவாள். இடப்பக்கக் கதவைத் திறந்து கையைத் தூக்கிக் காட்டுவாள். பஸ் போய்விடும். “புள்ளை போயிட்டான்” என்று எனக்குக் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குத் திரும்புவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘காலை 9.40 வண்டியின் ஓட்டுநர் அவசியமின்றி ஒலி எழுப்புகிறார்’ என்று பஸ் முதலாளிக்கே மூன்று கடிதம் எழுதினேன். அந்த ஓட்டுநர் எனக்கு யார் என்பதை மட்டும் எழுதவில்லை. பதிலும் வரவில்லை.

போன வருடம் செண்பகம் போய்ச் சேர்ந்தாள். நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. திருமுருகன் வந்தான். கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் காரியம்வரை இருந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அவன் கிளம்பிப்போன மறுநாள் காலை, சரியாக ஒன்பது நாற்பதுக்கு, இரண்டு குட்டி, ஒரு நீட்டு.

“செத்தவளுக்கு எதுக்குடா ஹாரன்?” என்று வாய்விட்டுக் கத்தினேன். கத்தின பிறகுதான் உறைத்தது. வீட்டில் இருப்பது நான் ஒருத்தன்தான்.

அன்றிலிருந்து அந்த இடப்பக்கக் கதவை நான் மூடினதே இல்லை. சாரல் அடித்தாலும் மூடமாட்டேன். அதற்காக ஜன்னலில் வந்து நிற்கவும் மாட்டேன். அந்த அளவுக்கு இறங்கிப்போக மனசு இடம் கொடுக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே, ரோட்டிலிருந்து தெரியாதபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறவன்போல் உட்கார்ந்திருப்பேன். ஹாரன் கேட்கும். பேப்பரை மடித்து வைப்பேன். பதினான்கு மாதமாக என் பிள்ளையோடு எனக்கு இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இது தெரியாமல்தான் ஆர்த்தி எனக்கு நல்லது செய்யப் புறப்பட்டாள்.

ஆர்த்தி என் மூத்தவள். புருஷனோடு பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவாள். எனக்குப் பேச வேறு என்ன இருக்கிறது? ஒரே சத்தம், மனுஷன் இருக்கமுடியவில்லை, காது போகிறது என்று ஆரம்பித்தால் அவள் போனை வைக்கும்வரை அதுதான். மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்கக்கூட மறந்துவிடுவேன். போன மாதம் ஒருநாள் அவள் சொன்னாள்:

“அப்பா, ஜன்னலையெல்லாம் மாத்திடலாம். டபுள் கிளாஸ் போட்டா லாரி போறதே தெரியாதாம். திண்டிவனத்துல ஒருத்தர் போடுறாரு, பேசிட்டேன். நாளைக்கி ஆள் வந்து அளவெடுக்கும். அடுத்த வாரம் வியாழக்கெழம மாட்ட வர்றாரு.”

“அதெல்லாம் எதுக்கும்மா, வெட்டியா…”

“வாரா வாரம் நீதான பொலம்புற? பி.பி. வேற ஏறிக்கினு கெடக்குது. இப்ப போடுறேன்னா வேணாம்ன்ற. ஏன் வேணாம், சொல்லு?”

ஏன் வேண்டாம்? உன் தம்பி ஹாரன் எனக்குக் கேட்காமல் போய்விடும் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த வரி தொண்டைவரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

“சரி, வரச்சொல்லு” என்றேன்.

வியாழக்கிழமை அறிவுச்செல்வன் வந்தார். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஜன்னல் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும். இரண்டு ஆட்களோடு டெம்போவில் வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். சாமி கும்பிடுகிறாரோ என்று பார்த்தேன். சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்கிறாராம்.

“சத்தம் காத்து மாதிரி சார். காத்து பூர்ற இடுக்கு இருந்தா சத்தமும் பூந்துரும். அதான் தள்ளுற மாடல் வேணாம்னு மேடத்துகிட்ட சொன்னேன். கதவு மாதிரி தொறந்து மூடுறதுதான் ரப்பர்ல போய் கப்புனு ஒக்காரும்.”

“ரெண்டு கண்ணாடியும் ஒரே கனமா இல்லியே?” என்றேன், குற்றம் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில்.

“வேணும்னுதான் சார். ஒண்ணு ஆறு எம்.எம்., ஒண்ணு எட்டு. ரெண்டும் ஒரே கனமா இருந்தா ஒரே சத்தத்துக்கு ரெண்டும் சேந்து ஆடும். இப்ப ஒண்ணு வுட்டதை இன்னொண்ணு புடிச்சிக்கும்.”

சும்மா சொல்லக்கூடாது, மனிதர் வேலைக்காரர். மரச்சட்டத்தைச் சுவர் உடையாமல் பெயர்த்து எடுத்தார். செண்பகம் கைபட்டுக் கைபட்டு வழவழத்துப்போன இடப்பக்கக் கதவை ஒருவன் டெம்போவில் ஏற்றப்போனான். “அதை மட்டும் வெச்சிட்டுப் போப்பா” என்று சொல்லி மாடிப்படிக்கு அடியில் சாத்தி வைக்கச் சொன்னேன். புது வெள்ளைச் சட்டம் ஏறியது. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நுரை அடித்து, ஓரமெல்லாம் சிலிகான் பசை இழுத்து, விரலால் நீவிவிட்டார். கண்ணாடிமேல் பளபளவென்று ஒரு ஃபிலிம் வேறு.

“இது மேடம் கேட்டாங்க, வெயிலுக்கு. வெளியிலேருந்து பாத்தா மூஞ்சி பாக்குற கண்ணாடி மாதிரிதான் இருக்கும். உள்ள ஆளு நிக்கிறதே தெரியாது.”

போனை எடுத்துச் சத்தத்தை அளந்து காட்டினார். வந்தபோது எழுபத்தெட்டு டெசிபல். கடைசிக் கதவைச் சாத்தியதும் நாற்பத்திரண்டு. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் தலையை ஆட்டிவைத்தேன்.

“இன்னொண்ணு சார். சிலிகான் காயணும். திங்கக்கெழம சாயந்திரம் வரைக்கும் எந்தக் கதவையும் தொறக்காதீங்க. தொறந்தா சட்டம் அசைஞ்சி ஓரம் வுட்டுக்கும். அப்புறம் போட்டதே வேஸ்ட்டு.”

இங்கேதான் என் புத்தியைச் சொல்லவேண்டும். வேறு யாராக இருந்தாலும் மறுநாளே லேசாகத் திறந்து பார்த்திருப்பார்கள். நான் கெடு தேதிக்கு ஒரு நாள் பிந்தி வந்த மனுவை, கிழவி அழுதாலும் வாங்காமல் திருப்பி அனுப்பினவன். திங்கட்கிழமை சாயங்காலம் என்றால் எனக்குத் திங்கட்கிழமை சாயங்காலம்தான்.

அவர்கள் போனபிறகு ஹாலில் உட்கார்ந்தேன். சுவர்க்கடிகாரம் இத்தனை சத்தமாக ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஃப்ரிட்ஜ் நின்று நின்று முனகியது. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தால் நான் மெல்லுவது எனக்கே கேட்டது. அருவருப்பாகி, பாதியில் எழுந்து கை கழுவினேன். இத்தனை வருடம் லாரிக்காரன்களைத் திட்டிக்கொண்டே இருந்தேனே, அவன்கள்தான் எனக்குத் துணையாக இருந்திருக்கிறான்கள். திட்டுவதற்காவது ஆள் இருந்தது. இப்போது திட்டினால் என் குரல்தான் எனக்குத் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாற்பத்தைந்துக்கு எழுந்து பார்த்தால் ரோட்டில் பச்சை வண்டியைக் காணோம். போயிருக்கிறான். அடித்திருப்பான். எனக்கு வந்து சேரவில்லை.

பதினொன்று ஐம்பதுக்குத் தலைவாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வாசல் இருப்பது பக்கத்துச் சந்தைப் பார்த்து. சந்துக்குள் வெல்டிங் பட்டறை. அந்த நேரம் பார்த்து அங்கே ஒருவன் கேட் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தான். காதுக்குள் கம்பியை விட்டதுபோல் ஒரு சத்தம். அதில் எந்த ஹாரன் என் பிள்ளையுடையது என்று எப்படித் தெரியும்? நாலு எட்டு வைத்து ரோட்டுக்குப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போயிருக்கலாம். போனால் அவனுக்காக நின்றது என்று ஆகிவிடும். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து கேட்பதில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. கேட்டேன் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. என் அகம்பாவத்தை என்னவென்று சொல்ல!

சனிக்கிழமையிலிருந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலுக்கு நேராகவே நின்றேன். வெளியிலிருந்து தெரியாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. பச்சை வண்டி சத்தமே இல்லாமல் வந்தது, டி.வி.யில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதுபோல. வீட்டுக்கு நேரே வந்ததும் வேகம் குறைந்தது. திருமுருகன் தலை இந்தப் பக்கம் திரும்பியது. ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்கிறேன். இளைத்திருந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது, எனக்கு அந்த வயதில் கொட்டினதுபோலவே. அவன் கை ஹாரனில் இருந்ததா என்பது தெரியவில்லை. அவன் பார்த்தது என்னை இல்லை, கண்ணாடியை. அதில் அவனுடைய பஸ்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்த்தி கூப்பிட்டாள்.

“எப்பிடிப்பா இருக்குது?”

“பிரமாதமா இருக்குதும்மா.”

“நீ பேசறது எவ்ளோ கிளியரா கேக்குது தெரியுமா! ஒரு சத்தம் இல்ல.” என்றாள். ஹாரனை விட்டால் எனக்குப் பேச வேறு விஷயமே இல்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. “சரிப்பா, மாத்திரையைப் போடு, வெச்சிடட்டுமா?” என்றாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை நாலரை மணி வண்டி. அவன் மறுபடியும் வேகத்தைக் குறைத்தான். அன்றைக்கு எனக்கு என்ன ஆயிற்றோ, கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றவன் வலது கையைத் தூக்கினேன். செண்பகம் தூக்குவாளே, அப்படி. மூன்றரை வருடத்தில் முதல் தடவை. பஸ் ஏறக்குறைய நின்றே விட்டது. பின்னால் வந்த காரின் விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. திருமுருகன் ஜன்னலைப் பார்த்தான், பார்த்தான், பிறகு முகத்தை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் தூக்கின கையோடு நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்க எந்தக் கோழைக்கும் முடியும்.

சாயங்காலம் என்றால் எத்தனை மணி? ஆபீஸ் கணக்குப்படி ஐந்தே முக்கால். ஐந்தே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன். மூன்று லாரி, ஒரு டிராக்டர், யாரோ ஒருவனின் மியூசிக் ஹாரன் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன. திட்டத் தோன்றவில்லை. நாளைக்கு ஒன்பது நாற்பதுக்குக் கேட்டுவிடலாம் என்று இருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதுபோல் நிம்மதியாக அந்த நாலு நாளில் நான் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது நாற்பதுக்குப் பச்சை வண்டி வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. டிரைவர் சீட்டில் பெரிய மீசை வைத்த யாரோ ஒருவர். பதினொன்று ஐம்பதுக்கும் அவரே. இரண்டு இருபதுக்கும் நாலரைக்கும் அவரேதான். லீவு போட்டிருப்பான், காய்ச்சலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கைகால் அதை நம்பவில்லை.

புதன்கிழமை காலை நானே போய் ஸ்டாப்பில் நின்று அந்த வண்டியில் ஏறினேன். கண்டக்டர் சின்னதுரை என்னைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டான். திருமுருகனோடு ஒரே ரூமில் இருக்கிறவன், செண்பகத்தின் காரியத்துக்கு வந்திருந்தான்.

“விழுப்புரம் ஒண்ணு” என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தான். அப்புறமும் அவன் நகரவில்லை, நானும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. “அவன் எங்கப்பா?”

“அண்ணன் ரூட்டு மாத்திக்கினு போயிட்டாரு சார். இப்ப திருக்கோவிலூர் வண்டி.”

“ஏன்?”

“என்னைக் கேக்குறீங்களே சார்!” என்று வெடுக்கென்று சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். “வெள்ளிக்கெழமலேருந்து ஒங்க வூட்டாண்ட வந்தா வண்டியை ஸ்லோ பண்ணிக்கினு ஹாரனை அடிக்கிறாரு, அடிக்கிறாரு, பாசஞ்சருங்க கத்துறாங்க. திங்கக்கெழம சாயந்திரம் ட்ரிப்பு முடிஞ்சதும் நேரா ஓனரம்மாகிட்ட போயிட்டாரு. ஏன்னு நான் கேட்டதுக்கு, ‘அந்த ஒரு கதவுதான்டா தொறந்து இருந்துச்சி, அதையும் கண்ணாடி போட்டு அடைச்சிட்டாரு. இனிமே அவரைத் தொந்தரவு பண்ணக்கூடாது’ன்னாரு.”

திங்கட்கிழமை சாயங்கால ட்ரிப். நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே ட்ரிப்.

விழுப்புரத்தில் இறங்கினேன். பையில் ஒரு மனு இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எழுதி வைத்துவிட்டேன்; எனக்கு வேறு எதுவும் எழுதத் தெரியாது.

அபிராமி பஸ் ஆபீஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி லட்சுமியம்மாள். எழுபது வயது இருக்கும். மூன்று பஸ்ஸையும் ஒரே மேஜையிலிருந்து ஓட்டுகிற அம்மாள். நான் மனுவை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ‘பொருள்’ என்ற இடத்தைச் சத்தமாகவே படித்தார்.

“விழுப்புரம் – திண்டிவனம் வழித்தடம் – காலை 9.40 வண்டி – ஹாரன் அடிக்கப்படாமை – தொடர்பாக.” கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “விக்கிரவாண்டி தேவநாதனா? ஏன் சார், ஹாரன் அடிக்கிறான்னு மூணு கடுதாசி போட்டது நீங்கதான? இப்ப அடிக்கலன்னு எழுதிக்கினு வந்திருக்கீங்க. ஒங்களுக்கு இன்னாதான் வேணும்?”

“பழைய டிரைவரையே அந்த வண்டிக்குப் போடணும்” என்றேன்.

“அந்தப் பையனே வந்து மாத்திக் கேட்டான், மாத்திக் குடுத்தேன். ஒங்க மூணு கடுதாசியையும் அவன்கிட்டதான் குடுத்தேன், தெரியுமா? ஒழுங்கா படிச்சான். ‘கையெழுத்து நல்லா இருக்குதும்மா’ன்னு சொல்லிட்டு மடிச்சிப் பையில வெச்சிக்கினான். யாருடா இந்த ஆளுன்னேன். சொல்லல. நீங்க சொல்லுங்க. அவன் ஒங்களுக்கு யாரு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்த கரும்பலகை கண்ணில் பட்டது. எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று சாக்பீஸால் எழுதியிருந்தது. மு. ராஜாமணி என்று ஒன்று. ச. தேவசகாயம் என்று ஒன்று. மூன்றாவது வரியில், திருக்கோவிலூருக்கு நேரே, திருமுருகன். முன்னால் எழுத்து இல்லை. அந்த இடம் காலியாக இருந்தது.

“இனிஷியல் எழுதலியே” என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது.

“சேந்த புதுசுல ஒரு வாரம் இருந்துச்சி. அப்புறம் ஒருநாள் காலைல வந்தவன் எங்கிட்டகூட கேக்கல, கையாலயே அழிச்சான். ‘இனிமே என் பேருக்கு முன்னாடி ஒண்ணும் போடாதீங்கம்மா, எங்கப்பாவுக்குப் புடிக்கல’ன்னான். மூணரை வருஷமா அப்பிடியேதான் இருக்குது.”

நான் பந்தியில் வாய்க்கு வந்ததை உளறினேன். அவன் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, ஒரு நாள் விடாமல் இத்தனை வருடமும் நிறைவேற்றியிருக்கிறான். சொன்ன சொல்லை எழுத்து மாறாமல் கடைப்பிடிக்கிற கிறுக்கு யாரிடமிருந்து வந்தது? என்னிடமிருந்துதான்.

“அம்மா, அந்த சாக்பீஸைக் கொஞ்சம் குடுங்க.”

இன்னொரு ஆபீஸின் பலகையில், அனுமதி இல்லாமல், நான் வாழ்நாளில் ஒரு கோடு போட்டதில்லை. லட்சுமியம்மாள் மேஜை டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். மூன்று கடிதத்துக்கும் நன்றாக வந்த கையெழுத்து இப்போது வரவில்லை. திருமுருகன் என்பதற்கு முன்னால் கோணலாக ‘தே’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

அந்த அம்மாள் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “மதியம் ஒரு மணிக்கு வண்டி வரும். இருந்து பாத்துட்டுப் போறீங்களா?” என்றார். குரல் மாறியிருந்தது.

இருந்திருக்கலாம். தைரியம் வரவில்லை, அவன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. “வேணாம்மா. வர்றேன்.”

“அவன் பாத்துட்டு மறுபடியும் அழிச்சிட்டான்னா?”

“அழிக்கட்டும்மா. நான் சொன்னதுக்கு அழிக்காம இன்னா பண்ணுவான்? அழிச்சா நான் மறுபடியும் வந்து எழுதுறேன். எனக்கு வேற வேலை இல்ல.”

படி இறங்கினபிறகுதான் மனுவைத் திருப்பி வாங்காமல் வந்தது ஞாபகம் வந்தது. ஒப்புகைச் சீட்டும் வாங்கவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. அறிவுச்செல்வன் வந்து போய் ஒரு வாரம். காலை ஒன்பது மணிக்கே ஹால் ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, வெளியே தெரியும்படி நின்றேன். புழுதி முகத்தில் அடித்தது. லாரிகள் போகிற போக்கில் அலறின. ஒன்பது நாற்பதுக்குப் பச்சை வண்டி வந்தது. மீசைக்காரர்தான் ஓட்டினார். இருந்தும் கையைத் தூக்கினேன். ஹாரன் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் நின்றேன்.

வண்டி என்னைத் தாண்டும்போது பின்படியில் தொங்கிக்கொண்டிருந்த சின்னதுரை என்னைப் பார்த்துவிட்டான். உடம்பைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, வாயில் கையை வைத்துக் கத்தினான்.

“சார்! அழிக்கல சார்! அப்பிடியே இருக்குது!”

வண்டி போய்விட்டது. நான் தூக்கின கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, “அழிக்கலயாம்” என்றேன், கேட்கும்படியாக.